உஷ் டாக்டரின் கைகள்

குழாயைத் திறந்துவிட்டு டாக்டர் பூனையின் முகத்தைப் பார்க்கிறார். சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பூனை, ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் பட்டது முதல் 'குர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இருக்கிறது. கோபத்து உறுமல் அல்ல, சொகுசு உறுமல். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் இதயமும் கேட்காது, மூச்சும் கேட்காது. மிக்சியை ஓடவிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுச் சங்கதியை ஒட்டுக்கேட்பது போலத்தான். தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை எழுந்ததும் பூனை காதைத் திருப்புகிறது, உறுமல் நிற்கிறது. குளிப்பாட்டப் போகிறார்களோ என்ற சந்தேகம் அதன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. டாக்டருக்கு அந்த இடைவெளி போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு முடிக்கிறார்.

"அவ்வளவுதான்டி கண்ணு, குளியலெல்லாம் கிடையாது. சும்மா மிரட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே குழாயை மூடுகிறார். ஈரக் கையைத் துடைக்கிறார். துடைத்த கை சும்மா இருப்பதில்லை. பூனையைக் கொண்டுவந்த இளைஞரின் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடக்கிறது. அதை வெளியே இழுத்து நீவி விடுகிறார். இளைஞர் நெளிகிறார். டாக்டர் தாம் செய்ததைக் கவனிக்கக்கூட இல்லை. அதற்குள் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

கைக்கு ஓய்வு தெரியாதவர் அவர். சுவரில் படம் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார். உறவினர் வீட்டுக்குப் போனால், பேச்சு அதுபாட்டுக்கு நடக்க, அவர்கள் அலமாரியில் இருக்கும் டப்பாக்களுக்குச் சரியான மூடிகளைத் தேடிப் பொருத்திக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அந்த வீட்டுக்காரிக்குச் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. "இவ கையைக் கழற்றி வீட்ல பூட்டி வெச்சுட்டுத்தான் வெளியே கூட்டிட்டுப் போகணும்" என்பார் கணவர்.

கணவருக்கு ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் தொழில். தொழிலுக்கு ஏற்ற தொண்டை. அவருடைய தங்கைதான் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்குக் கொஞ்சமும் சளைத்த குரல் அல்ல. "அடுத்து யாரு? முயல் யாரோடது? முயல்!" என்று அவர் ஒருமுறை கூப்பிட்டால், தெருவில் முயல் வளர்க்காதவர்கூட எழுந்து நின்றுவிடுவார். டாக்டரும் வாய் மூடாதவர். நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டே நாயின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பேச்சுவரை விசாரித்துவிடுவார். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து இருக்கும் இடத்தில் வானொலி தேவைப்படாது.

இப்படிப்பட்டவருக்கு 'உஷ் டாக்டர்' என்று பெயர் வந்தது எப்படி என்பதை அந்த நீலத் துண்டைப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

மூச்சுத் திணறலோடு ஒரு பிராணி உள்ளே வந்தால், நாத்தனார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து, உள்ளறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிடுவார். அது தொங்கினால் யாரும் பேசக்கூடாது. தொலைபேசியின் ரிசீவர் எடுத்துக் கீழே வைக்கப்படும். குரைக்கிற நாய்களைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாத்தனாரே தம் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். புதிதாக வருகிறவர்கள் ஏதாவது கேட்க வாயெடுத்தால், காத்திருக்கும் பழைய ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைப்பார்கள். கிளிக்கூண்டோடு வரும் ஒரு பெரியவர் மட்டும் கூண்டின் மேல் தம் மேல்சட்டையைப் போர்த்திவிட்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு எல்லோரையும் பார்ப்பார்.

துண்டு தொங்கும்போது டாக்டர் வேறு ஆள். குரல் காற்றாகிவிடும். கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இடது கை வலது கையைப் பிடித்துக்கொள்ளும். பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். மூச்சு எங்கே சிக்குகிறது என்பதைத் தொடுவதற்கு முன்பே கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர் முறை. உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் தொண்டையில் தகராறு. சத்தமே இல்லாமல் வேகமாக, மேலோட்டமாக மூச்சு ஓடினால் நுரையீரலைச் சுற்றி எதுவோ நெருக்குகிறது. வெளியே விடும்போது வயிறு எக்கி எக்கித் தள்ளினால் உள்குழாய்கள் இறுகியிருக்கின்றன. "அது மூச்சாலேயே எல்லாம் சொல்லிட்டிருக்கு. நாம குறுக்கே பேசாம இருந்தா போதும்" என்பார்.

இந்தப் பார்வை வேலை நேரத்தோடு நிற்பதில்லை என்பதுதான் குடும்பத்தின் புகார். கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். பகல் தூக்கம் போடும் கணவரின் வயிற்றைப் பார்ப்பார். ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கையில் ஒருவர் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, முழங்கைகளை அகட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு உள்ளே மணி அடித்துவிட்டது. பாய்ந்து எழுந்து, "ஐயா, அசையாதீங்க, பேசாதீங்க, யாராவது ஜன்னலைத் திறங்க" என்று பேருந்தையே நிறுத்திவிட்டார். அந்த மனிதர் கண்ணைத் திறந்து, "ஏம்மா, ஒரு மனுஷன் நிம்மதியாத் தூங்கக் கூடாதா?" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "பூனை அந்த மாதிரி உட்கார்ந்திருந்தா நீங்க சிரிக்க மாட்டீங்க."

பூனை விஷயத்தில் அவருக்கு இன்னொரு பயம் உண்டு. "கடிக்குது டாக்டர்" என்று யாராவது வந்தால் சிரிப்பார். "பறாண்டுது" என்றால் நிம்மதியாக மூச்சு விடுவார். "ரெண்டு நாளா ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு" என்று சொன்னால்தான் எழுந்து நிற்பார். நாய்க்கு முடியவில்லை என்றால் ஊருக்கே சொல்லிவிடும். பூனை சொல்லாது. மூச்சு குறையக் குறைய, இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு ஒரு மூலையில் சாதுவாக உட்கார்ந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு முற்பகலில், முன்கூடம் நிறைந்திருந்த நேரம், ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் ஒருவர் கூடையோடு வந்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நல்ல உயரம், நல்ல மீசை. அவசரத்தில் மாட்டிய சட்டை. காலரில் ஒரு பாதி காதைத் தொட்டது, மறுபாதி உள்ளே போய் ஒளிந்திருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றார் நாத்தனார்.

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. எங்க மாமியாரோட பூனை. அவங்க அதைச் 'சின்னவ'ன்னுதான் கூப்பிடுவாங்க, பெத்த பொண்ணு மாதிரி. அப்படிப் பார்த்தா முறைக்கு எனக்கு மச்சினி." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. நாளைக்கு வர்றாங்க. எனக்கும் மச்சினிக்கும் என்னைக்குமே ஒத்துப்போகாது. நான் செருப்பு மாட்டும்போது சோஃபாவுக்கு அடியிலேர்ந்து வந்து கணுக்காலைக் கவ்வும். ஆனா பாருங்க, ரெண்டு மூணு நாளா ஆள் திருந்திடுச்சு. கவ்வுறதில்ல, ஓடுறதில்ல, ஒரே இடத்துல ரொம்ப நல்ல பிள்ளையா..."

உள்ளறையிலிருந்து டாக்டர் வெளியே வந்துவிட்டார். கூடையின் கம்பி வழியாகக் குனிந்து பார்த்தார். வெள்ளையில் பழுப்புத் திட்டுக்கள் போட்ட பூனை. கழுத்து முன்னால் நீண்டிருந்தது. முன்கால் முழங்கைகள் உடம்பிலிருந்து விலகியிருந்தன. நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு வெளியே வந்தது. வயிறு அடங்கும்போது நெஞ்சு எழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். ஓட்டுநர் ஆசிரியரின் காலர் அவர் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் கோணிக்கொண்டு நின்றது. டாக்டர் அதைத் தொடவில்லை. கூடையை ஆடாமல் அசையாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

நாத்தனாருக்கு அது போதும். அண்ணி ஒரு காலரைப் பார்த்தும் தொடாமல் போனால் நிலைமை என்னவென்று அவருக்குத் தெரியும். துண்டை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். கிளிப் பெரியவர் மேல்சட்டையின் பொத்தான்களை அவிழ்க்க ஆரம்பித்தார்.

உள்ளே, ஒரே ஒரு ஊசி. தொடைச் சதையில், பூனைக்குப் புரிவதற்குள் முடிந்துவிட்டது. பதற்றத்தை அடக்கும் மருந்து. பிறகு ஆக்ஸிஜன் நிரம்பும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூனையை அப்படியே வைத்தார்கள். நர்ஸ் வாயுக் குழாயைத் திறந்தார். அவ்வளவுதான். டாக்டர் இரண்டடி தள்ளி நின்றார். கைகள் பின்னால் போய்விட்டன.

ஓட்டுநர் ஆசிரியர் சுவரோரமாக நின்று பார்த்தார். அடுத்தது என்ன என்று காத்திருந்தார். அடுத்தது ஒன்றும் நடக்கவில்லை.

"டாக்டர்... ஒரு எக்ஸ்ரே?"

"உஷ்."

"இல்ல, ரத்தப் பரிசோதனை ஏதாவது? சும்மா நிக்கிறீங்களே?"

"சும்மாதான் நிக்கணும் இப்ப" என்றது டாக்டரின் காற்றுக் குரல்.

அவருக்குப் பொறுக்கவில்லை. பயிற்சி வண்டியில் வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியவர். கண்முன்னால் ஒன்று தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அவர் ரத்தத்தில் இல்லை. நர்ஸ் தட்டை எடுக்கத் திரும்பிய நேரம், பெட்டியின் சிறு கதவைத் திறந்து கையை நுழைத்தார். "ஒண்ணுமில்லடா செல்லம், மாமா இருக்கேன்ல" என்று தலையைத் தடவினார்.

அன்பாகத்தான் தடவினார். ஆனால் பூனைக்கு அது பழைய எதிரியின் கை. விலகப் பார்த்தது, எழ முயன்றது, எழ முடியாமல் சுழன்றது. வாய் முழுவதும் திறந்துகொண்டது. இளஞ்சிவப்பாக இருந்த நாக்கில் நீலம் பாய்ந்தது.

டாக்டர் ஓடவில்லை, கத்தவுமில்லை. ஒரே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். முழங்கையால் சிறு கதவைச் சாத்தினார். நர்ஸ் காற்றின் அளவைக் கூட்டினார். டாக்டரின் கண் தட்டின் மேல் போய் நின்றது. அங்கே தொண்டைக்குள் இறக்கும் குழாய் தயாராக இருந்தது. ஆனால் அதற்குப் பூனையை முழுதாக மயக்க வேண்டும். இந்த நிலையில் மயக்கம் கொடுப்பதே ஒரு கண்டம். டாக்டர் காத்திருந்தார். அறையில் வாயுவின் 'ஸ்ஸ்' தவிர வேறு ஓசை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூனை தன் பழைய நிலைக்கு வந்து உட்கார்ந்தது. நாக்கின் நீலம் மெல்ல வடிந்தது.

ஓட்டுநர் ஆசிரியரின் முகத்தில் மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது. "நான்... தைரியம் சொல்லலாம்னு..."

"தெரியுது தம்பி. நீங்க தொட்டா அது சண்டை போடும். சண்டை போடக் காத்து வேணும். அதுகிட்ட காத்து இல்ல." டாக்டர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி கத்துக்க வர்றவன் பதறும்போது நீங்க என்ன பண்ணுவீங்க? ஸ்டியரிங்கைப் பிடுங்குவீங்களா?"

"ஐயோ, கூடாது! பிடுங்கினா வண்டி பள்ளத்துலதான் போகும். பேசாம உட்கார்ந்திருப்பேன். எங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கும், கால் மட்டும் அது மேல..." பாதியில் நிறுத்தினார்.

"என் காலும் பிரேக் மேலதான் இருக்கு" என்று டாக்டர் மோவாயால் தட்டைக் காட்டினார். "குழாய், ஊசி, மருந்து எல்லாம் தயாரா இருக்கு. அமுத்த வேண்டிய நேரத்துல அமுத்துவேன். அதுவரைக்கும் அவளே ஓட்டட்டும்."

அவர் தலையாட்டினார். சுவரோடு சாய்ந்து, டாக்டரைப் பார்த்து, தாமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மருந்து வேலை செய்தது. பூனையின் கண் சொருகியது, பதற்றம் தணிந்தது, ஆனால் மூச்சின் வேகம் குறைந்தபாடில்லை. அது உட்கார்ந்தபடியே இருக்க, டாக்டர் கையடக்க ஸ்கேன் கருவியை அதன் விலாவில் ஒற்றினார். திரையில் நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான ஒரு கறுப்புப் பட்டை. "தண்ணி" என்றார் நர்ஸிடம். "நுரையீரலைச் சுத்தி. அது விரியறதுக்கு இடமே இல்ல, பாவம்."

பூனையைப் படுக்க வைக்கவில்லை. அது எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே, மூக்கருகில் ஆக்ஸிஜன் குழாயை நர்ஸ் பிடித்திருக்க, டாக்டர் விலாவில் சிறு இடத்தில் முடியை மழித்தார், மரத்துப்போக மருந்து போட்டார், இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியை நுழைத்தார். அதுவரை பின்னால் கட்டிக்கிடந்த கைகளா இவை என்று தோன்றும், நடுக்கமில்லை, அவசரமில்லை. ஊசியோடு இணைந்த குழாயில் வைக்கோல் நிறத்தில் திரவம் ஏறியது. சிரிஞ்சு நிறைந்தது. கிண்ணத்தில் ஊற்றினார். மறுபடி நிறைந்தது.

சுவரோரம் நின்றவரின் கைகள் கட்டினது கட்டினபடி இருந்தன. அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் சிரிஞ்சை இழுக்கும்போதெல்லாம் பாதம் அழுந்தியது, விடும்போது எழுந்தது. அந்தத் தரைக்கல்லில் பிரேக் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

"இவ்வளவுமா உள்ளே இருந்துச்சு?" என்றார் அவர், தமக்கே கேட்காத குரலில். "இதோட எப்படி உட்கார்ந்திருந்துச்சு? நான் திருந்திடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேனே."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றார் டாக்டர். "அவ சொல்லல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

கிண்ணம் நிறைய நிறைய, பூனையின் கழுத்து தாழ்ந்தது. அகன்றிருந்த முழங்கைகள் உடம்போடு ஒட்டின. வாய் மூடிக்கொண்டது. நெஞ்சும் வயிறும் வெகு நாள் பிணக்குக்குப் பிறகு ஒன்றாக எழுந்து, ஒன்றாக அடங்கின. டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு, பூனையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். மறுபடியும் இரண்டடி தள்ளி நின்றார். மறுபடியும் கைகள் பின்னால்.

"முடிஞ்சுதா டாக்டர்?"

"மூச்சுக்கு வழி பண்ணியிருக்கு. தண்ணி எதனால சேர்ந்துச்சுன்னு இனிமேதான் பார்க்கணும். இதயத்தைப் பார்க்கணும், இந்தத் தண்ணியை அனுப்பிப் பார்க்கணும். மாமியார் வந்ததும் அப்படியே இங்க கூட்டிட்டு வாங்க. மூடி மறைக்காதீங்க."

"அவங்ககிட்ட மறைக்கிறதா! அவங்க என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. உங்களை மாதிரிதான்."

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. டாக்டரின் தேநீர் ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. முன்கூடத்தில் நாத்தனார் சைகையாலேயே இரண்டு நாய்களுக்கும் ஓர் ஆமைக்கும் மாலையில் வரச் சொல்லி அனுப்பியிருந்தார். நெடுநேரம் பேசாமல் இருந்ததில் அவருடைய முகம் சிவந்திருந்தது. கதவை ஓர் அங்குலம் திறந்து எட்டிப் பார்த்தார், புருவத்தால் கேட்டார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்: இன்னும் இல்லை.

அப்போதுதான் பூனை தன் முன்காலைத் தூக்கியது. அதை உற்றுப் பார்த்தது. பிறகு, உலகத்தில் வேறு எந்த வேலையும் இல்லாதது போல, நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. மூச்சுக்கு அல்லாடுகிற பூனை முகம் கழுவாது. டாக்டர் பெட்டியின் சிறு கதவைத் திறந்து, ஓட்டுநர் ஆசிரியரைப் பார்த்தார்.

"இப்ப ஒரு விரல் மட்டும் நீட்டுங்க. மெதுவா."

அவர் நீட்டினார். பூனை கழுவுவதை நிறுத்தியது. விரலை முகர்ந்தது. யாருடைய விரல் என்று அதற்கு ஐயம் இருக்கவில்லை. சட்டென்று ஓர் அறை. நகம் வெளியே இருந்தது.

"ஆ!" அவர் விரலை இழுத்தார். கீறலில் ஒரு துளி ரத்தம் முத்துப்போல் நின்றது. அதைப் பார்த்தார். மீசை நடுங்கியது, பிறகு முகம் முழுவதும் மலர்ந்தது. "கீறிடுச்சு டாக்டர்! பாருங்க, கீறிடுச்சு!" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த அறையில் காலையிலிருந்து எழுந்த முதல் உரத்த குரல் அதுதான். யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை. வெளியே நாத்தனார் துண்டை உருவி எடுத்துவிட்டு, "அடுத்து யாரு? கிளி! கிளி யாரோடது?" என்று கூரை அதிரக் கூப்பிட்டார்.

நர்ஸ் பெட்டியின் கதவைச் சாத்தினார். டாக்டர், மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு, விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் பக்கம் திரும்பி, காலையிலிருந்து காதோரம் கோணிக்கிடந்த அந்தக் காலரை வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் சரிபார்த்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார்.